நோர்வூட் காளியாயியின் கல்யாணக் கார்

காளியாயி கார் வாங்கிய சேதி, கார் அவள் குடியிருந்த தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து சேரும் முன்னமே நோர்வூட் கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. தேயிலைக் கொழுந்து பறித்த பொம்பளை கார் வாங்கியிருக்கிறாள் என்பது ஒரு அதிசயம். அதை அவளே ஓட்டிக்கொண்டு வருகிறாள் என்பது அதைவிடப் பெரிய அதிசயம்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருசம் அது. அதற்கு முன்னால் ஆறு வருசம் அவள் குவைத்தில் ஒரு வீட்டில் சமையலுக்கும் துப்புரவுக்கும் இருந்தாள். திரும்பி வந்ததும் மற்றவர்களைப் போல நகை வாங்கவில்லை, டவுனில் நிலம் தேடவில்லை. அட்டனுக்குப் போய் கார் ஓட்டப் பழகினாள். பரீட்சை நாளில் அதிகாரி அவளையும், துணைக்கு வந்து பின்னால் நின்ற புருசன் பொன்னையாவையும் பார்த்துவிட்டு, பொன்னையாவின் பக்கம் சாவியை நீட்டினார். பொன்னையா பயந்து இரண்டடி பின்னால் போனான்.

"மமய் மாத்தயா," என்றாள் காளியாயி. நான்தான் ஐயா என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு சாவியை வாங்கிக்கொண்டாள்.

முதல் தடவையிலேயே பாஸ்.

காரை கினிகத்தேனையில் சுனில் பாஸ் என்கிற மெக்கானிக்கிடம் வாங்கினாள். வெள்ளை நிற ஜப்பான் கார், வயசானது. "எஞ்சின் ஹொந்தாய் நங்கி. நல்ல எஞ்சின் தங்கச்சி, நல்லா ஓடும். உள்ளுக்கு மட்டும்தான் கொஞ்சம் மோசம்," என்று அவன் ஒளிக்காமல் சொன்னான். கொஞ்சம் என்பது அவனுடைய நல்ல மனசு. அந்தக் காரில் முன்னால் இருந்தவர் லீக்ஸும் கரட்டும் மூட்டை மூட்டையாக ஏற்றியிருக்கிறார். டேஸ்போட்டில் வெடிப்பு. கதவுகளின் உள்பக்கத்துப் பிளாஸ்டிக் பட்டைகள் வெளுத்து, கீறி, சில இடங்களில் உடைந்து பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. கியர் கம்பியைச் சுற்றியிருந்த சட்டத்தில் யாரோ சிகரெட்டை நசுக்கிய தழும்பு.

நோர்வூட்டில் கல்யாணங்களுக்கு கார் விடுகிறவர் முத்துலிங்கம். இரண்டு வேனும், ரிப்பன் கட்டுவதற்கென்றே ஒரு நீளக் காரும் வைத்திருந்தார். காளியாயி பெற்றோல் அடிக்க நின்றபோது அவர் கிட்டே வந்து ஜன்னலுக்குள் தலையை விட்டுப் பார்த்தார்.

"என்னா காளி, வெளிய மாப்பிள்ள கணக்கா இருக்கு, உள்ள கோழிக்கூடு கணக்கால்ல இருக்கு? இதுல ஆள் ஏத்தப் போறியா, கோழி ஏத்தப் போறியா?"

சுற்றி நின்ற திரீவீல்காரர்கள் சிரித்தார்கள். காளியாயியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, "எறங்குறப்ப ஆள்களே சொல்லுவாங்கண்ணே," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். ஆனால் வீட்டுக்கு ஏறும் வளைவுகளில் அவள் மனசு கொதித்துக்கொண்டே வந்தது.

அவளிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. குவைத்தில் அந்த வீட்டு டிரைவர் ஒரு மலையாளி. முதலாளி மகனுடைய காருக்கு உள்ளே, மரம் போலக் கோடு கோடாக வரி ஓடும் ஸ்டிக்கர் சீட்டை அவன் ஒரு மத்தியானம் ஒட்டினான். ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் காளியாயி. சாம்பல் பிளாஸ்டிக் அவள் கண் முன்னால் தேக்குப் பலகையாக மாறியது. மிச்சமிருந்த சுருளை அவன் குப்பையில் போடப் போனான். "எனக்குக் குடுங்க சேட்டா," என்று வாங்கி, ஊருக்கு வரும்போது பெட்டியில் புடவைகளுக்கு நடுவே சுருட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது.

இப்போது தெரிந்தது. காரிலிருந்து பட்டைகளைக் கழற்றினாள். லயத்து வாசலில், இஸ்தோப்புத் திண்ணையில் சாக்கை விரித்து வரிசையாக வைத்து, சவர்க்காரத் தண்ணியில் தேய்த்துக் கழுவினாள். உடைந்த இடங்களைப் பட்டி போட்டு அடைத்து, மணல் தாளால் விரல் வழுக்கும்வரை தேய்த்தாள். ஒரு கதவுப் பட்டைக்கு அளவு பார்த்து சீட்டை வெட்டி, பின்தாளை உரித்து ஒட்டினாள். அழகாகத்தான் உட்கார்ந்தது. பொன்னையா பார்த்துவிட்டு, "அட, நெசமாவே மரந்தான் புள்ள!" என்று தட்டிப் பார்த்தான்.

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஓரமெல்லாம் கிளம்பி, சீட்டு காய்ந்த வாழைச்சருகு போலச் சுருண்டு கிடந்தது. ராத்திரி பனி இறங்கியிருந்தது. குவைத்து வெயிலில் குழைந்து கொடுத்த சீட்டு இந்த மலைக்குளிரில் விறைத்துப் போயிற்று. பசை பிடிக்கவேயில்லை.

சரி, சூடுதானே வேண்டும் என்று அடுத்த பட்டையை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோனாள். விறகடுப்பு எரிய எரிய, அதன் அனலில் சீட்டைக் காட்டிக் காட்டி ஒட்டினாள். இந்தத் தடவை கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புக் கரியும் சாம்பலும் சீட்டுக்கு அடியில் போய், அம்மை போட்ட முகம் மாதிரி பொரிப் பொரியாகப் புடைத்திருந்தது. உரித்து எறிந்தாள். சுருளில் இனி மிச்சம் இருந்தது எல்லாப் பட்டைகளுக்கும் ஒருதரம் ஒட்டத்தான் போதும். அதற்குமேல் ஒரு கெட்டுப்போன துண்டுக்கும் இடமில்லை.

பட்டைகளைச் சாக்கில் கட்டி மூலையில் வைத்துவிட்டாள். கார் உள்ளே வெறும் இரும்பும் ஒயருமாக நின்றது. சில வாரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பக்கத்து லயத்து நாகலெட்சுமி தலைவிரி கோலமாக ஓடி வந்தாள். காளியாயியும் அவளும் ஒரே மலையில் ஒன்றாகக் கொழுந்து எடுத்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் சர்மிளாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு பூண்டுலோயா, டவுனில் கடை வைத்திருக்கிற குடும்பம். பொண்ணைக் கோயிலுக்கும், தாலி கட்டியபின் மாப்பிள்ளை வீட்டுக்கும் கூட்டிப்போக முத்துலிங்கத்தின் நீளக் காரைப் பேசி வைத்திருந்தார்கள்.

"வராதாம்க்கா! நுவரெலியாவுல எதோ பெரிய எடத்துக் கல்யாணமாம், காரு அங்க போவுதாம். வேணும்னா சாமான் ஏத்துற வேன அனுப்புறேன்னு சொல்றாரு. மாப்பிள்ள வீட்டு ஆளுங்க என்னா நெனைப்பாங்க? தோட்டத்து ஆளுங்க புள்ளைய மூட்டை கணக்கா வேன்ல ஏத்தி அனுப்பிட்டாங்கன்னு சொல்ல மாட்டாங்களா?"

காளியாயி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாள்.

"அழுவாத லெச்சுமி. நம்ம கார் இருக்கு. நம்ம புள்ளைய நானே கூட்டிக்கிட்டுப் போறேன்."

நாகலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு போனபிறகுதான், கதவுக்கு உள்பக்கம் இல்லாத கார் என்பது காளியாயிக்கு நினைவு வந்தது. பட்டுச் சேலை உடுத்திய பொண்ணு அந்தக் கூர் இரும்புப் பக்கத்தில் உட்கார்ந்தால் சேலை கிழிந்து தொங்கும். சாக்கை அவிழ்த்துப் பட்டைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு பேக்டரியிலிருந்து பொன்னையா வந்தான். தேயிலை காய வைக்கிற மெஷின் பக்கத்தில்தான் அவனுக்கு வேலை. நடந்ததைக் கேட்டான். அடுப்பில் சுட்டு வீணான சீட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். அவன் அதிகம் பேசுகிறவன் இல்லை.

"நீ நெருப்பக் காட்டிருக்க காளி. பேக்டரியில நாங்க கொழுந்த நெருப்புலயா காட்டுறோம்? காத்தச் சூடாக்கி, அந்தக் காத்த மட்டுந்தான உள்ள அனுப்புறோம். பொகை வந்தா தேயிலை நாறிப் போவும்ல."

காளியாயி நிமிர்ந்து பார்த்தாள். "சூடான காத்து," என்றாள்.

"ஆமா. வெறுங் காத்து."

"தலைமயிரு காய வைக்கிற மெஷின்!"

சோற்றுக் கையோடு எழுந்தவள் அப்படியே டவுனுக்கு இறங்கிவிட்டாள்.

நோர்வூட்டில் மணப்பெண் அலங்காரம் செய்கிறவர் ஊர்மிளா. யாழ்ப்பாணத்துக்காரர், புருசன் பள்ளிக்கூடத்து வாத்தியார். சர்மிளாவுக்கு அலங்காரம் செய்யப் போகிறவரும் அவர்தான். காளியாயி கேட்டதைக் கேட்டு அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"காருக்குத் தலை காய வைக்கப் போறியளோ? கொண்டு போங்கோ அக்கா. ஆனா ஞாயிற்றுக்கிழமை விடியவே எனக்கு வேணும். பொம்பிளையின்ர தலையும் காயவேணும் எல்லே!"

சனிக்கிழமை. காலைப் பனி விலகட்டும் என்று காத்திருந்தாள். முன்னறையில் ஒரு சாமான் விடாமல் வெளியே எடுத்து வைத்து, தரையை ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, ஜன்னலைச் சாத்தினாள். தூசி எழும்பக்கூடாது. அடுப்பு பற்றவைக்கக்கூடாது என்று பொன்னையாவுக்குக் கண்டிப்பான உத்தரவு. அவன் அன்றைக்கு முழுக்க பாணும் சம்பலும்தான் சாப்பிட்டான். தோட்டத்து டிஸ்பென்சரியில் கேட்டு வாங்கிவந்த ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு பட்டையையும் கைரேகைகூடத் தங்காமல் துடைத்தாள்.

மெஷினைப் போட்டதும் லயத்தில் இருந்த பல்புகள் எல்லாம் மங்கின. பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். "கல்யாண வேலை நடக்குது, பொறுத்துக்கங்க!" என்று பொன்னையா வாசலில் நின்று பதில் சொன்னான்.

முதலில் சின்னக் கதவுப் பட்டை. அதைச் சூடான காற்றில் காட்டி வெதுவெதுப்பாக்கினாள். பின்தாளை முழுக்க உரிக்காமல், ஒரு ஓரத்தை மட்டும் உரித்து ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் தாளை இழுத்துக்கொண்டே போனாள். பழைய டெலிபோன் கார்டில் மெல்லிய துணியைச் சுற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றைத் தள்ளித் தள்ளித் தேய்த்தாள். ஓரம் வந்ததும் மெஷினைக் கிட்டே பிடித்தாள். விறைத்த சீட்டு அவள் விரலுக்கடியில் சப்பாத்தி மாவு போலக் குழைந்தது. வளைத்து, பின்பக்கம் மடித்து அழுத்தினாள். மறுபடி சூடு. மறுபடி அழுத்தம். ஓரிடத்தில் சின்னக் குமிழ் எழுந்து நின்றது. ஊசியால் ஒரு குத்து குத்தி விரலால் தடவினாள், அடங்கிப்போனது.

நிமிர்த்தி வெளிச்சத்தில் பிடித்தாள். ஒரு பொரி இல்லை. ஒரு சுருக்கம் இல்லை. தேன் நிறத்தில் மரவரி ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரைக்கும் ஓடியது.

"என்னாங்க," என்று கூப்பிட்டாள். பொன்னையா உள்ளே வந்து பார்த்தான். தட்டவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாமி படத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

கதவுகள் முடிந்தன. டேஸ்போட்டின் நீளப் பட்டையும் முடிந்தது. கடைசியாகக் கியர்ச் சட்டம். அதுதான் ராட்சசன். நாலு பக்கமும் குழி, நடுவில் ஓட்டை. சுருளில் மிச்சமிருந்ததோ ஒரே துண்டு. குழிக்குள் இறக்குவதற்காக அவள் சீட்டை இழுத்தாள். இழுத்த இடம் வெளுத்து, வரிகள் விரிந்து, கிழியப் போகிறது போல மெலிந்தது. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தால் எல்லாம் போச்சு.

கையை எடுத்தாள். மூச்சை விட்டாள். மெதுவாக அந்தத் துண்டை உரித்தெடுத்து, இரண்டு கையிலும் தளர்வாகப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் காத்தக் காட்டுங்க," என்றாள். பொன்னையா மெஷினைப் பிடித்தான். அப்போது நடந்ததை அவள் பிற்பாடு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள். சூடு பட்டதும், இழுபட்டு நொந்து கிடந்த அந்தச் சீட்டு தானாகவே சுருங்கி, பழைய அளவுக்கும் பழைய நிறத்துக்கும் திரும்பியது. வெளுப்புப் போய்விட்டது. பொன்னையா வாயைப் பிளந்தான்.

"கோவிச்சுக்கிட்டுப் போன பொண்டாட்டி திரும்பி வந்த மாதிரி இருக்கு," என்றான்.

"பேசாம காத்தக் காட்டுங்க."

இந்தத் தடவை அவள் இழுக்கவேயில்லை. முதலில் குழிக்குள் சீட்டைத் தளர்வாக இறக்கி, அடியைப் பிடிக்கவைத்து, பிறகு மேலே ஏறி வந்தாள். நடு ஓட்டைக்கு மேல் பிளேடால் மூலைக்கு மூலை கீறி, நாலு இதழாக மடித்து உள்ளே அழுத்தினாள். வெளியே பொழுது சாய்வதற்குள் முடிந்துவிட்டது. இருவருமாகக் காரில் எல்லாவற்றையும் பூட்டினார்கள். காளியாயி டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்திப் பார்த்தாள். முந்தி தகர டப்பா போல அதிர்ந்த கதவு, 'டப்' என்று கனமாகச் சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. காருக்கு முன்னால் மல்லிகைச் சரம். நாகலெட்சுமி வீட்டு வாசலில் கார் போய் நின்றதும் தப்பு மேளச் சத்தம் கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பொண்ணழைக்க வந்தவர்களில், மாப்பிள்ளையின் தாய்மாமன் முன்னால் நின்றார். டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிய காளியாயியைப் பார்த்து, "டிரைவர் எங்க?" என்று கேட்டார்.

"நான்தாங்க."

அவர் முகம் மாறியது. "பொம்பள ஓட்டுற கார்லயா பொண்ணு வர்றது? மழை வேற. வளைவு ரோடு. வேற வண்டி பாருங்க."

தப்பு நின்றது. சர்மிளா அதுவரைக்கும் தலை குனிந்து நின்றவள். அவள் சேலை மடிப்பைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வந்து காரின் பின்கதவைத் தானே திறந்தாள்.

"நான் காளி பெரியம்மா கார்லதான் வருவேன்," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள். தப்பு முந்தியதைவிடப் பலமாக முழங்கியது. தாய்மாமன் வேறு வழியில்லாமல் வேனில் ஏறிக்கொண்டார். மாப்பிள்ளையின் அத்தை பூரணம் மட்டும், உடம்பு பருத்த மனுசி, "நான் பொண்ணுகூடவே வாறேன்," என்று முன்சீட்டில் வந்து உட்கார்ந்தார்.

கோயிலில் தாலி கட்டியாயிற்று. பிறகு பூண்டுலோயாவுக்கு நெடும் பயணம். பின்னால் மாப்பிள்ளையும் பொண்ணும், முன்னால் பூரணம் அத்தை, அவர் காலடியில் நனைந்த குடை. உள்ளே மூச்சுக்காற்றில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. வெளியே பனிமூட்டம், கொண்டை ஊசி வளைவுகள். காளியாயிக்கு ரோட்டைப் பற்றிப் பயமேயில்லை. அவள் பயந்ததெல்லாம் டேஸ்போட்டின் இடது மூலைக்குத்தான். இந்த ஈரத்தில், இந்தச் சூட்டில், ஓரம் கிளம்பிவிடுமா? வளைவுக்கு வளைவு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்டினாள்.

பூரணம் அத்தையும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லக் கையை நீட்டி மரவரியைத் தடவினார். பிறகு, காளியாயி பயந்த அதே மூலையில் பெருவிரல் நகத்தை வைத்து நெம்பினார். காளியாயியின் கால் தானாக பிரேக்கைத் தொட்டது.

நகம் வழுக்கியது. ஓரம் அசையவில்லை. அத்தை மறுபடி நெம்பினார். அசையவேயில்லை.

"நல்ல மரம்," என்றார் அத்தை. "வெளிநாட்டுல போட்டு வந்ததா?"

"இல்லைங்க. எங்க லயத்துல, நேத்து நான் ஒட்டுனது. மரமில்ல, ஸ்டிக்கர்."

அத்தை திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நேத்தா? நீயா?" என்றவர், பின்சீட்டைத் திரும்பிப் பார்த்து, "கேட்டீங்களாடா, இவ கார ஓட்டவும் செய்யுறா, காரச் செய்யவும் செய்யுறா!" என்று உரக்கச் சிரித்தார். மாப்பிள்ளையும் சிரித்தான். சர்மிளா அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தாள்.

பூண்டுலோயாவில் இறங்கியதும் பூரணம் அத்தை ஸ்டிக்கர் ஒட்டிய கதையை ஊர் கேட்கச் சொல்லிவிட்டார். டிரைவர்மாருக்குப் பின்பக்கத்தில் இலை போட்டிருந்தார்கள். அத்தை காளியாயியின் கையைப் பிடித்து முதல் பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். சாப்பிட்டு வெளியே வந்தால் காரைச் சுற்றி ஒரு கூட்டம். கதவைத் திறந்து திறந்து சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் தாய்மாமனும் ஒருவர். அவளைக் கண்டதும் கொஞ்சம் நகர்ந்து வழிவிட்டார்.

"மழையில நல்லாத்தான் ஓட்டியிருக்கீங்க," என்றார். அந்த 'ங்க' காளியாயியின் காதில் தேனாக விழுந்தது.

அதற்குப் பிறகு அவளுக்கு உட்கார நேரமில்லை. நோர்வூட்டிலும் பொகவந்தலாவையிலும் கல்யாணம் என்றால் காளியாயி கார் என்றானது. ஒட்டிய மரத்தைப் பார்த்த வேன்காரர்களும் திரீவீல்காரர்களும் லயத்து வாசலில் வந்து நின்றார்கள். கொழும்பிலிருந்து சுருள் சுருளாகச் சீட்டு வரவழைத்தாள். தனக்கென்று ஒரு மெஷின் வாங்கினாள். சுனில் பாஸ் கினிகத்தேனையில் விற்கிற கார்களைக்கூட முதலில் அவளிடம்தான் அனுப்பினான். பொன்னையா லீவு நாளெல்லாம் காற்றுக் காட்டினான்.

இரண்டாயிரத்து ஏழில், ஏப்ரல் சீசன் நேரம், நுவரெலியா ஹோட்டல் ஒன்றிலிருந்து கோட்டுப் போட்ட ஒரு மனுசர் லயத்துக்கே வந்தார். பெரிய இடத்துக் கல்யாணம், கார் வேண்டும், அலங்காரம் எல்லாம் அவர்களே செய்துகொள்வார்கள் என்றார். தேதியைச் சொன்னார்.

காளியாயி முழங்கைவரை பட்டி மாவோடு ஒரு வேனின் கதவுப் பட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கி நம்ம தோட்டத்து மேப்பிரிவுல ஒரு புள்ளைக்குக் கல்யாணம் இருக்குங்க ஐயா," என்றாள். "முந்தியே வாக்குக் குடுத்துட்டேன். நீங்க வேற நாள் பாருங்க."